ஆறு வந்த நாளில் அம்மா போன வழி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலரோடு சேர்த்து வெற்றிலையும் பாக்கும் உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். முதலாண்டு நினைவு நாளில் தாம்பூலமா, இந்த வீட்டாருக்கு முறை தெரியாதா என்று சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். முறை தெரியும். தெரிந்துதான் வைத்திருக்கிறோம். அவசரப்பட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் இதைப் படியுங்கள். மேற்கே நல்ல மழை என்று சொல்கிறார்கள். இதை எழுதும்போதே நான் இடையிடையே எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். கையெழுத்து கோணலாக இருந்ததாக அச்சகத்தார் குறைப்பட்டுக்கொண்டார். மனசு கோணலாக இருந்தது, கை என்ன செய்யும்?

எங்கள் அம்மா பிறந்தது தாமலில். ஏரிக்கரைக்குக் கீழே, ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால் வாசலுக்கே தண்ணீர் வரும் தெருவில். நீந்தத் தெரியும், மீன் பிடிக்கத் தெரியும், தண்ணீருக்காக நடக்கத் தெரியாது. பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெண் கேட்டு வந்தபோது, அம்மாவின் தகப்பனார், "ஆத்துக்குப் பக்கத்துல குடுக்கிறோம், தண்ணிக்குக் கஷ்டமே இல்ல" என்று மகிழ்ந்தாராம். கல்யாணமாகி வந்த மறுநாள் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். முள்செடியும் மணலுமாக இருந்த வெளியில் நெடுநேரம் நடந்துவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "ஆறு எங்க இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். "நீ நிக்கிறதே ஆறுதாம்மா" என்றாராம் அவர். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கதை எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. அதிலிருந்து கடைசிவரை ஊருக்கு அம்மா "தாமல்காரி"தான்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் ஊர் இருக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப் போவது விளங்காது. ஆற்றின் வடகரையில் ஊர். கரையை ஒட்டிப் பள்ளத்தில் எங்கள் தெரு. அங்கே பாதி வீடுகள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும், பாதி வீடுகள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும். எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில் இருக்கின்றன, இதுவரை சண்டை வந்ததில்லை. எங்களுக்கு மேலே மேட்டில் ஊர்த்தெரு. தறிக்காரர்கள், நிலம் வைத்திருப்பவர்கள், தெருக்கோடியில் நயினார்மார் என்று நாங்கள் சொல்லும் சமணக் குடும்பங்கள். காஞ்சிபுரத்துக்குப் போகும் தார்ச்சாலை ஊர்த்தெருவின் வழியாகத்தான் எங்களிடம் வருகிறது. வேறு சாலை கிடையாது. எங்கள் இடுகாடோ தென்கரையில் இருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

ஆறு காய்ந்து கிடக்கும்வரை இதில் யாருக்கும் தொல்லை இல்லை. எங்கள் தெருவில் யாராவது இறந்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு நேரே மணலில் இறங்கி அக்கரை போய்விடுவோம். ஊர்த்தெருவுக்கும் நிம்மதி, தங்கள் வழியாக எங்கள் பிணம் போகவில்லை என்று. ஆறு வந்துவிட்டால்தான் வந்தது வினை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலத்துக்குப் போகும் சாலை ஊர்த்தெருவுக்குள்தான் போகிறது. சட்டப்படி யாரும் எந்தத் தெருவிலும் போகலாம். உயிரோடு இருக்கும்வரை நாங்களும் போகிறோம், வருகிறோம், கடையில் டீ குடிக்கிறோம். பாடை மட்டும் போனதில்லை. ஏன் என்று கேட்டால், "வழக்கம் இல்லபா" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் பேசியதில்லை.

ஒரு முறை ஊராட்சியில் எங்கள் மேல் இரக்கப்பட்டு, ஆற்று மணலின் குறுக்கே இடுகாட்டுக்குச் சிமெண்டுப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். நாங்களும் வாழை கட்டிக் கொண்டாடினோம். ஆற்றுக்குள் ரோடு போடுகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை காலமாக வராத ஆறு இனி வருமா என்ற தைரியம். அடுத்த பெரிய மழையில் பாதை கட்டிக் கட்டியாகப் பெயர்ந்து எந்த ஊருக்குப் போனதோ தெரியவில்லை. அம்மா மட்டும் அப்போதே சொன்னார்: "ஏரிக்காரி சொல்றேன் கேளுங்க, தண்ணி தன் ரஸ்தாவ மறக்காது." யார் கேட்டார்கள்?

அம்மா செய்யாத வேலை இல்லை. வந்த புதிதில் நயினார் வீட்டு நிலத்தில் நாற்று நட்டார், வேர்க்கடலை பிடுங்கினார். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள் என்பதால் கூலியாட்களுக்கும் சீக்கிரமே சோறு கிடைத்துவிடும். அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம். பிறகு ஆற்றில் மணல் குறைந்து களிமண் தெரிய ஆரம்பித்தது. கிணறுகள் இறங்கின. பாதி நிலத்தைப் பிரித்துப் பிளாட் கல் நட்டு வர்ணம் அடித்தார்கள். நடவுக்குக் கூப்பிட ஆளில்லை. அம்மா உட்கார்ந்து அழவில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குப் போனார். ஊர்த்தெருப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தார்கள். அம்மா வைத்த காரக்குழம்பைச் சாப்பிட்டு எஞ்சினியர் ஆனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எங்களையும் அந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்தார். நான் கம்பெனி பஸ்ஸில் போய் வேலை செய்கிறேன். தம்பி வேன் ஓட்டுகிறான். எங்கள் தெருவில் இன்று நர்ஸ் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார், பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். வயல் வேலை மட்டும்தான் இல்லை.

அப்பா ஊர்த்தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டுச் சாயப் பட்டறையில் வேலை செய்தவர். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி ஏற்றி அவர் நகங்கள் எப்போதும் அரக்கு நிறமாக இருக்கும். அப்பா இறந்தது ஐப்பசி அடைமழையில். ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகட்டுமா என்று எங்கள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். "வழக்கம் இல்லபா, தண்ணி எறங்கட்டும்" என்றார்கள். தண்ணீர் இறங்கவில்லை. ஐஸ் பெட்டிக்குக் கரண்டும் இல்லை. கடைசியில் லாரி டியூப்களைக் காற்றடித்துக் கட்டி, அதன் மேல் பாடையை வைத்து, ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கயிறு பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடு ஆற்றில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் நின்ற அம்மா அப்போது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்னொரு சத்தமும் இருக்கிறது. மேட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. அது அவர்கள் மரியாதை. அப்பா அவர்களுடைய பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்காக ஒரு தறியும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு மழை என்றால் பயம். ஊரே வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்கும், எங்கள் போர் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டும், அம்மாவும் அந்த வரிசையில் நிற்பார். ஆனால் மேகம் கறுத்ததும் முகம் மாறிவிடும். தெருவில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "தை மாசம் வரைக்கும் தாக்குப் புடிங்கபா" என்று நோயாளியிடமே சொல்லிவிடுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு அவர்களும் ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். இப்படி ஒரு பயம் வேறு எந்த ஊரிலாவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஆடியில் அம்மாவுக்கு உடம்பு வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா கேட்ட முதல் கேள்வி, "தை வரைக்கும் தாங்குமா?"

புரட்டாசிக் கடைசியில் ஆறு வந்தது. கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நுரை தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வந்ததும் ஜனங்கள் மஞ்சளும் பூவும் தூவிக் கற்பூரம் காட்டினார்கள். பாலத்தின் மேல் ஒரே கூட்டம், ஆளுக்கொரு போன். பெரிய நயினார் ஐயா சந்தோஷம் தாங்காமல் எங்கள் வீடு தேடி வந்தார். "தாமல்காரி, ஆறு வந்துட்டுதும்மா! இனிமே கெணறு ஊறும், போகம் ரெண்டு எடுக்கலாம்" என்று கற்கண்டு கொடுத்தார். அம்மா கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். பாவம், நல்ல மனிதர். அவருக்கு ஆறு என்றால் கிணறு.

வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. தம்பிதான் யோசனை சொன்னான்: "என் வேன் இருக்குது. கதவ சாத்திக்கினு போனா உள்ள இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போற மாரி போயிடலாம்மா." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்கு வந்ததே கோபம். "நான் இன்னா திருட்டுச் சரக்காடா? மூடி எடுத்துக்கினு போவ? மோளம் இல்லாம, பூ இல்லாம, பூனை மாரி போவச் சொல்றியா?"

"அப்போ போலீசுல எழுதிக் குடுக்கலாம்" என்றேன் நான். "சட்டம் நம்ம பக்கம்தான் இருக்குது."

"போலீசு நின்னா வழி வுடுவாங்க, மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. எனக்கு வழி மட்டும் போதாது, மூஞ்சி வேணும்" என்றார் அம்மா. பிறகு சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டி, "வெத்தல பாக்கு வாங்கினு வா" என்றார்.

கல்யாணத்துக்கு அழைப்பதைப் போலச் சாவுக்கு யாரும் அழைப்பதில்லை. சாவுக்குச் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம், அதுவும் செத்த பிறகு. உயிரோடு இருக்கும்போதே தட்டில் வெற்றிலை வைத்துத் தன் சாவுக்குத் தானே அழைக்கப் போகிறேன் என்கிறார் அம்மா. தெருவே கூடிவிட்டது. தாலி இழந்தவர் தாம்பூலத் தட்டை எடுக்கலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். "கல்யாணத்துக்கா கூப்புடுறேன்? சாவுக்குத்தானே? இதுக்கு நான்தான் தட்டு தூக்கணும், வேற எவ தூக்குவா?" என்று அம்மா திருப்பிக் கேட்டதில் அழுகைக்கு நடுவே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

எனக்கு மட்டும் சிரிப்பு நிலைக்கவில்லை. நமக்கு உரிமையுள்ள தெருவில் நடக்க நாம் ஏன் வெற்றிலை நீட்ட வேண்டும் என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றேன். இன்றும் என் எண்ணம் அதுதான். அம்மா சொன்னார்: "நான் கெஞ்சப் போவலம்மா. கூப்புடப் போறேன். கெஞ்சினா அவங்க குடுக்கணும். கூப்புட்டா அவங்க வரணும்."

தம்பியின் வேனில் உட்கார வைத்துக்கொண்டு போனோம். கால் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. நயினார் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடுவதற்குள் போக வேண்டும் என்று முதலில் அங்கே போகச் சொன்னார். நயினாரம்மா வாசலுக்கு வந்து தட்டைப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம் தாமல்காரி?" என்றார்.

"எனக்குத்தான்மா போற நேரம். ஆறு வடியறதுக்குள்ள போயிடுவேன் போல இருக்குது. போனா இந்த வழியாத்தான் வருவேன். நீங்க வாசல்ல நிக்கணும். கதவ சாத்தக் கூடாது."

உள்ளே பெரிய நயினார் ஐயாவின் செருமல் கேட்டது. வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வார்த்தை கொடுத்ததாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் பெண் நிச்சயம் பண்ணுவதும் நிலம் பேசுவதும் அதை வைத்துத்தான். அம்மா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நயினாரம்மா முந்தானையை ஒழுங்கு செய்துகொண்டு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "ஏண்டி இப்படிப் பண்ற" என்று மட்டும் சொன்னார்.

அப்பா வேலை செய்த தறிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த வீட்டு அம்மாள், "ஏமிம்மா இது, வெளக்கு வெக்கிற நேரத்துல!" என்று பதறினார். நல்ல நேரம் பார்த்து வாங்கிக்கொள்கிறேன், வெற்றிலையை வைத்துவிட்டுப் போ என்றார். வாங்கினாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் வாங்கினார்கள். சில வீடுகளில் வேன் சத்தம் கேட்டதுமே கதவு மூடிக்கொண்டது. அம்மா மூடிய கதவின் முன்னாலும் நின்று, "வந்துட்டுப் போறேம்மா, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையிலும், "ஆறு எப்டி இருக்குது?" என்று கேட்பார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "போயிக்கினுதான் இருக்குதும்மா" என்போம். "போவட்டும்" என்பார். பயம் அம்மாவை விட்டு இறங்கி எங்களிடம் வந்துவிட்டது. வெற்றிலை வாடுவதற்குள் மனசு மாறிவிடுவார்களோ, அழைத்துவிட்டு அவமானப்படப் போகிறோமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை நேரம், என் கையால் ஒரு வாய்க் கஞ்சி குடித்த பிறகு, அம்மா அமைதியாகக் கண்ணை மூடினார். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

பறை அடிக்க ஆரம்பித்தார்கள். கோயிலுக்குப் போகும் வீட்டார் பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். சாமந்தியும் ரோஜாவும் சாத்தித் தூக்கினோம். மேட்டில் ஏறி ஊர்த்தெரு முனைக்கு வந்தபோது நாலைந்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "இன்னிக்கு ஒரு நாளு பாருங்கபா, தண்ணி எறங்கிடும்" என்றார். தம்பி பாடையைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். பறைக்காரர்கள் அடியைக் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் தெருவில் தறிச் சத்தம் நின்றது. முதலில் ஒரு வீட்டில், அப்புறம் அடுத்த வீட்டில். வேலையைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். "அம்மா, தாயே" என்று பாடையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

சண்டைக்கு யாரும் வரவில்லை. தறிக்காரர் வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார், கையில் வெற்றிலை இல்லை, ஆனால் நின்றார். தெருக்கோடியிலிருந்து நயினாரம்மா நடந்து வந்தார். வழியில் நின்ற ஆண்களைப் பார்த்து, "அவ என்னக் கூப்புட்டிருக்கா. நான் வாங்கிக்கினேன். நகருங்கபா" என்றார். நகர்ந்தார்கள். நயினாரம்மா தெரு முடிவுவரை எங்கள் முன்னால் நடந்தார். அந்தத் தெருவில் எங்கள் பறை கேட்டது அதுதான் முதல் தடவை. தறிச் சத்தம் இல்லாத தெருவில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

எல்லாம் நல்லபடி நடந்தது என்று நான் பூசி மெழுக மாட்டேன். சாத்திய கதவுகள் சாத்தியே இருந்தன. நாங்கள் கடந்த பிறகு சில வாசல்களில் சாணி தெளித்தார்கள். திரும்பி வரும்போது மண் ஈரமாக இருந்தது, பார்த்தேன். இருந்தாலும் எங்கள் அம்மா தண்ணீரில் மிதக்காமல், வேனில் ஒளியாமல், மேளத்தோடு பாலத்தைக் கடந்து அக்கரை போய் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட எங்கள் தெரு நர்ஸ் தங்கைக்கும், தாமலிலிருந்து கொட்டும் மழையில் வந்து சேர்ந்த தாய்மாமன்மாருக்கும், விடுதியில் சாப்பிட்ட நினைவில் மாலையோடு வந்த பிள்ளைகளுக்கும், தறியை நிறுத்தியவர்களுக்கும், வெற்றிலை வாங்கிக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நயினாரம்மாவுக்கு என்ன சொல்வது? அன்றைக்கு அவர் நடந்த நடையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆனால் அன்று திறந்தது அம்மாவுக்குத் திறந்த வழி. தாமல்காரி கூப்பிட்டாள், அதனால் போனாள் என்று ஊர்த்தெருவில் இப்போதே பேச்சு இருக்கிறது. அடுத்தவருக்கும் அப்படித்தானா என்று கேட்டால், "பார்க்கலாம்பா" என்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு மாமா ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. அம்மாவைத் தூக்கிய தோள்களில் அவர் தோளும் ஒன்று. வேனில் ஏறி வீடு வீடாகப் போகும் தெம்பு அவருக்கு இல்லை. மேற்கே மழை. ஆறு நுரை தள்ளத் தொடங்கிவிட்டது.

உங்கள் பக்கத்தில் இருக்கும் வெற்றிலை பாக்கு அம்மாவின் பெயரால் வைத்தது அல்ல. மாமாவின் அழைப்பு அது. அவர் போகும் நாளில் ஊர்த்தெருவில் இருப்பவர்கள் உங்கள் வாசலில் நில்லுங்கள், கதவைச் சாத்தாதீர்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்று காலையில் தலையணைக்கு அடியிலிருந்து கையை எடுத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மாமா கேட்டது ஒன்றுதான்: "யார் யாரும்மா வாங்கிக்குவாங்க?"

இந்த மலரைக் கொடுத்து முடித்ததும் நான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கண்ணீருடன்,
மூத்த மகள்